மீன் வளர்ப்பில் மூலிகைத் தீவனச் சேர்க்கைகள்

மூலிகைத் தீவனச் சேர்க்கைகள் என்பவை வளர்ப்பு மீன்களுக்கும் இறால்களுக்கும் அளிக்கப்படும் தீவனத்தில் சிறிய அளவில் கலக்கப்படும் தாவரப் பொருட்கள் ஆகும். இலை, வேர், பட்டை, விதை, கிழங்கு ஆகியவற்றின் பொடியாகவோ, நீர் அல்லது ஆல்ககால் கொண்டு பிரித்தெடுக்கப்பட்ட சாறாகவோ, நறுமண எண்ணெயாகவோ இவை பயன்படுத்தப்படுகின்றன. வளர்ச்சியைக் கூட்டுதல், பசியைத் தூண்டுதல், நோய் எதிர்ப்பாற்றலைப் பெருக்குதல், நோய்க்கிருமிகளைக் கட்டுப்படுத்துதல், தகைவைக் குறைத்தல் ஆகியன இவற்றின் முதன்மையான நோக்கங்கள். நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளுக்கு மாற்றாக இவை 1990களின் இறுதியிலிருந்து உலகெங்கும் ஆராயப்பட்டு வருகின்றன.

தமிழ்நாட்டில் இத்துறையின் குறிப்பிடத்தக்க ஆய்வுகள் பல கன்னியாகுமரி மாவட்டத்தின் இராசாக்கமங்கலத்தில் நடந்தவை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் தொழில்நுட்ப மையம் அங்கு அமைந்துள்ளது. அறுகம்புல், கரிசலாங்கண்ணி, துளசி, தும்பை, கீழாநெல்லி முதலிய, தமிழர் இல்லங்களில் நன்கு அறியப்பட்ட செடிகளே அவ்வாய்வுகளிலும் இடம்பெற்றன.

பெயரும் வரையறையும்

தீவனச் சேர்க்கை என்பதையும் தீவன மூலப்பொருள் என்பதையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். கடலைப் பிண்ணாக்கு, அரிசித் தவிடு, சோயாத் தூள், மரவள்ளி மாவு (குமரி மாவட்ட வழக்கில் மரச்சீனி மாவு) ஆகியவை புரதத்தையும் ஆற்றலையும் தரும் மூலப்பொருட்கள். இவை தீவனத்தின் பெரும்பகுதியாக அமைகின்றன. சேர்க்கை என்பது ஊட்டத்திற்காக அன்றி, குறிப்பிட்ட ஒரு விளைவிற்காகச் சேர்க்கப்படுவது. அதன் அளவு பொதுவாகத் தீவன எடையில் நூற்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாக இருக்கும். செறிவூட்டிய சாறு எனில் ஒரு கிலோகிராம் தீவனத்திற்கு மில்லிகிராம் கணக்கில் சேர்க்கப்படுகிறது.

தீவனத்தில் கலத்தல் தவிர, மருந்து நீரில் மீனைச் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்தல், ஊசி வழியாகச் செலுத்துதல் ஆகிய முறைகளும் உண்டு. ஆயிரக்கணக்கான மீன்கள் உள்ள குளத்தில் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போடுவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆகவே தீவன வழியே வளர்ப்போருக்கு ஏற்ற வழியாகக் கருதப்படுகிறது. எனினும் நோயுற்ற மீன் முதலில் உண்பதையே நிறுத்திவிடும். எனவே இச்சேர்க்கைகள் நோய் வந்தபின் தீர்ப்பதற்கு அன்றி, நோய் வருமுன் காப்பதற்கே பெரிதும் பொருத்தமானவை.

பின்னணி

மீன்கள் வாழும் நீரே அவற்றின் நோய்க்கிருமிகளுக்கும் இருப்பிடம் ஆகும். இயற்கையில் பரவலாக வாழும் மீன்கள் குளத்தில் நெருக்கமாக வளர்க்கப்படும்போது, கழிவும் எஞ்சிய தீவனமும் சேர்ந்து நீரின் தரம் கெடுகிறது. உயிர்வளி குறைகிறது, மீன்கள் தகைவுக்கு உள்ளாகின்றன. ஏரோமோனாசு ஐதரோபிலா போன்ற, வழக்கமாக நீரில் உள்ள பாக்டீரியாக்கள் அந்நிலையில் நோயை உண்டாக்குகின்றன. நன்னீர்க் கெண்டைகளில் உடற்புண், வயிறு வீக்கம், செதில் உதிர்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். உவர்நீர் வளர்ப்பில் விப்ரியோ இனப் பாக்டீரியாக்கள் இதே இடத்தை வகிக்கின்றன.

இந்நோய்களைக் கட்டுப்படுத்த நுண்ணுயிர் எதிர்ப்பிகள் தீவனத்தில் கலக்கப்பட்டன. இதனால் மூன்று சிக்கல்கள் எழுந்தன. முதலாவது, மருந்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் பெருகின. இரண்டாவது, மீன் உண்ணாத தீவனமும் கழிவும் வழியாக மருந்து நீரிலும் சேற்றிலும் கலந்தது. மூன்றாவது, இறைச்சியில் மருந்தின் எச்சம் தங்கியது. 2000களின் தொடக்கத்தில் ஆசிய நாடுகளிலிருந்து ஐரோப்பாவிற்கு ஏற்றுமதியான இறாலில் குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் ஆகியவற்றின் எச்சங்கள் கண்டறியப்பட்டன. அச்சரக்குகள் தடுக்கப்பட்டதால் இந்தியா உள்ளிட்ட நாடுகளின் ஏற்றுமதியாளரும் வளர்ப்போரும் இழப்புற்றனர். வளர்ச்சி ஊக்கியாக நுண்ணுயிர் எதிர்ப்பிகளைக் கால்நடைத் தீவனத்தில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 சனவரி 1 முதல் முற்றிலும் விலக்கியது.

இறால் வளர்ப்பில் வேறொரு காரணமும் இருந்தது. இந்தியாவில் 1994இல் தோன்றிய வெண்புள்ளி நோய் ஒரு தீநுண்மத்தால் (வைரசு) வருவது; பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதன்மேல் பயன்படாது. மேலும் முதுகெலும்பிகளைப் போல் எதிர்ப்பொருள்களை உருவாக்கி நோய்க்கிருமியை நினைவில் வைத்திருக்கும் முறைமை இறாலுக்கு இல்லை. அதனால் வழக்கமான தடுப்பூசி முறை அதற்குப் பொருந்துவதில்லை. பிறவியிலேயே அமைந்த பொது எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது ஒன்றே எஞ்சிய வழியாக இருந்தது. மூலிகைகள்பால் ஆய்வாளர்களின் கவனம் திரும்பியதற்கு இது முதன்மையான காரணம் ஆகும்.

செயற்படும் முறை

தாவரங்கள் பூச்சிகள், பூஞ்சைகள், மேயும் விலங்குகள் ஆகியவற்றிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளப் பலவகை வேதிச் சேர்வைகளை உருவாக்குகின்றன. ஆல்கலாய்டுகள், பிளேவனாய்டுகள், டானின்கள், டெர்ப்பீன்கள், சப்போனின்கள், பீனால் சேர்வைகள் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. மீனின் உடலில் இவற்றின் செயல்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

செரிமானமும் வளர்ச்சியும்: சில நறுமணச் சேர்வைகள் மீனைத் தீவனத்தின்பால் ஈர்க்கின்றன. குடலில் புரதத்தையும் கொழுப்பையும் மாப்பொருளையும் செரிக்கும் நொதிகளின் சுரப்பு கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. தீங்கு செய்யும் குடல் பாக்டீரியாக்கள் குறைவதும் தீவனப் பயன்பாட்டை மேம்படுத்துகிறது. இறால் வளர்ப்புச் செலவில் பாதிக்கும் மேல் தீவனத்திற்கே ஆவதால், சிறு மேம்பாடும் வளர்ப்போருக்குப் பொருள் உள்ளதாகிறது.

நோய் எதிர்ப்பாற்றல்: கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களின் செயல் விரைவடைதல், கிருமிச் சுவரைச் சிதைக்கும் லைசோசைம் நொதி பெருகுதல், குருதி நீர்மத்தின் நிரப்புப் புரதங்கள் செயலூக்கம் பெறுதல் ஆகியவை மீன்களில் அளவிடப்படுகின்றன. இறாலில் குருதியணுக்களின் எண்ணிக்கையும், புரோபீனால் ஆக்சிடேசு என்னும் நொதி முறைமையின் செயலும் அளவிடப்படுகின்றன. இம்முறைமை கிருமியைக் கருநிற மெலனின் பொருளால் சூழ்ந்து அடைத்துவிடுகிறது.

நேரடியான கிருமி எதிர்ப்பு: சில சேர்வைகள் பாக்டீரியாவின் உயிரணு மென்சவ்வைச் சிதைத்து அதைக் கொல்கின்றன, அல்லது அதன் பெருக்கத்தைத் தடுக்கின்றன. பல சேர்வைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களில் தாக்குவதால், ஒற்றை மருந்தைப் போல விரைவில் தாங்குதிறன் தோன்றாது என்பது இதன் ஆதரவாளர் கூறும் வாதம் ஆகும்.

தகைவுக் குறைப்பு: ஆக்சிசனேற்றத்தால் உண்டாகும் சிதைவைப் பீனால் சேர்வைகள் தடுக்கின்றன. ஈரலின் நலனைக் காப்பதும் இவ்வகையில் அடங்கும்.

பயன்படுத்தப்படும் தாவரங்கள்

உள்ளி (பூண்டு): நசுக்கும்போது அல்லீன் என்னும் பொருள் அல்லிசினாக மாறுகிறது. அல்லிசின் கிருமி எதிர்ப்புத் தன்மை உடையது. வெப்பத்தில் எளிதில் சிதையும். ஆகவே வேகவைக்கும் தீவனத்தில் முன்கூட்டியே கலப்பதைவிட, உலர்ந்த தீவனக் குருணையின் மேல் பூசுவதே பயன்தரும்.

மஞ்சள்: குர்க்குமின் இதன் முதன்மைச் சேர்வை. ஆக்சிசனேற்றத் தடுப்பும் அழற்சித் தணிப்பும் இதன் செயல்கள். புண் நோய் கண்ட குளங்களில் சுண்ணாம்புடன் மஞ்சளைக் கரைத்து ஊற்றும் வழக்கமும் உண்டு.

இஞ்சி: இஞ்செரால் முதலிய பீனால் சேர்வைகள் கொண்டது. பசியையும் செரிமானத்தையும் தூண்டுகிறது.

துளசி: யூசினால் உள்ளிட்ட நறுமணச் சேர்வைகள் கொண்டது. எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதற்காக ஆராயப்பட்டது.

கிராம்பு: யூசினால் மிகுதியாக உள்ளது. கிராம்பெண்ணெய் மீன்களை எடையிடவும் இடமாற்றவும் உணர்விழக்கச் செய்யும் பொருளாகப் பயன்படுகிறது. கன்னியாகுமரி மாவட்ட மலைப்பகுதிகளில் விளையும் கிராம்பு 2021இல் புவிசார் குறியீடு பெற்றது.

கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி: சித்த மருத்துவத்தில் ஈரல் நோய்களுக்கு வழங்கும் இவை மீன்களிலும் ஆராயப்பட்டுள்ளன.

சீந்தில், அமுக்கிரா: பொது எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதற்காகப் பயன்படுகின்றன.

வேம்பு: கிருமி, பூஞ்சை, ஒட்டுண்ணி எதிர்ப்புத் தன்மை உடையது. அளவு மிகுந்தால் மீனுக்கு நஞ்சாகும்.

கேந்தி (செண்டுமல்லி): இதழ்களில் லூட்டீன் முதலிய நிறமிகள் மிகுதி. மீன்கள் இந்நிறமிகளைத் தாமே உருவாக்க இயலாது. உணவின் வழியாகவே பெறவேண்டும். தங்கமீன் போன்ற அழகு மீன்களின் நிறத்தைக் கூட்ட இதழ்ப்பொடி தீவனத்தில் சேர்க்கப்படுகிறது. நாஞ்சில் நாட்டின் தோவாளைப் பூச்சந்தையில் பெருமளவில் விற்கப்படும் பூக்களுள் இதுவும் ஒன்று.

கடற்பாசிகள்: சர்காசம், அல்வா ஆகிய இனங்களின் சாறுகளும் ஆராயப்பட்டுள்ளன. இவற்றின் கூட்டுச் சர்க்கரைகள் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவன.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆய்வுகள்

திருநெல்வேலியில் 1990இல் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் கன்னியாகுமரி மாவட்டத்தையும் தன் எல்லையில் கொண்டது. அதன் இராசாக்கமங்கலம் வளாகத்தில் தொடக்கத்தில் ஆர்ட்டீமியா என்னும் உப்பள உயிரி பற்றிய ஆய்வுகள் முதன்மை பெற்றிருந்தன. ஆர்ட்டீமியா மீன் குஞ்சுகளுக்கும் இறால் இளரிகளுக்கும் உயிருள்ள உணவாகப் பயன்படும் சிறு ஓட்டுடலி ஆகும்.

இப்பின்னணியே முதல் மூலிகை ஆய்வுகளின் வடிவத்தையும் தீர்மானித்தது. முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்ட்டீமியா, அடுத்த வளர்நிலையை எட்டியபின் நீரில் மிதக்கும் நுண்துகள்களை வேறுபாடின்றி வடிகட்டி உண்ணத் தொடங்குகிறது. அந்நீரில் மூலிகைச் சாற்றைக் கலந்தால் அது ஆர்ட்டீமியாவின் உடலுள் சேர்கிறது. அதை உண்ணும் இறால் இளரியையும் சென்றடைகிறது. குருணைத் தீவனத்தை உண்ண இயலாத மிக இளம் பருவத்திலும் மருந்தைச் செலுத்த இது வழி செய்கிறது. இவ்வாறு மூலிகை ஊட்டிய ஆர்ட்டீமியாவைக் கொண்டு தரமான வரி இறால் இளரிகளை உருவாக்கும் முயற்சி 2002இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விளக்கப்பட்டது.

2004இல் இரு ஆய்வுகள் வெளியாயின. ஒன்றில் ஆமணக்கு, கீழாநெல்லி, தும்பை, மரவள்ளி ஆகிய நிலத் தாவரங்களும், அல்வா, சர்காசம் ஆகிய கடற்பாசிகளும் பியூட்டனால் கொண்டு பிரித்தெடுக்கப்பட்டு, வெள்ளை இறால் குஞ்சுகளின் பிழைப்பு, வளர்ச்சி, உடலில் உள்ள விப்ரியோ பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றின்மேல் அவற்றின் விளைவு ஆராயப்பட்டது. மற்றொன்றில் துளசி, அமுக்கிரா, சாதிக்காய் ஆகியவற்றின் சாறுகள் களவா மீன் குஞ்சுகளுக்குத் தீவன வழியே அளிக்கப்பட்டு, விப்ரியோ ஆர்வியி என்னும் பாக்டீரியாவிற்கு எதிரான அவற்றின் ஆற்றல் சோதிக்கப்பட்டது.

பரவலாக மேற்கோள் காட்டப்படுவது 2006இல் வெளியான வெண்புள்ளி நோய் ஆய்வு ஆகும். அறுகம்புல், வில்வம், சீந்தில், கடுகுரோகிணி, கரிசலாங்கண்ணி ஆகிய ஐந்து மூலிகைகளின் மெத்தனால் சாறுகள் சம அளவில் கலக்கப்பட்டன. இக்கலவை ஒரு கிலோகிராம் தீவனத்திற்கு 100, 200, 400, 800 மில்லிகிராம் என நான்கு அளவுகளில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 8 கிராம் எடையுள்ள நோயற்ற வரி இறால்களுக்கு 25 நாட்கள் இத்தீவனம் அளிக்கப்பட்டபின், வெண்புள்ளித் தீநுண்மம் செலுத்தப்பட்டது. மூலிகை சேராத தீவனம் உண்ட இறால்கள் 7 நாட்களுக்குள் இறந்தன. 800 மில்லிகிராம் அளவு பெற்றவற்றில் 74 விழுக்காடு பிழைத்தன. அவற்றின் உடலில் தீநுண்மத்தின் அளவும் குறைந்திருந்தது.

இவ்வாய்வுகளின் தொடர்ச்சியாக, மீன் வளர்ப்பில் மூலிகை மருந்துகளின் வாய்ப்புகளைத் தொகுத்துரைக்கும் மீளாய்வுக் கட்டுரை ஒன்று 2010இல் இம்மையத்திலிருந்து வெளியாகி, உலக அளவில் பல ஆய்வாளர்களால் எடுத்தாளப்பட்டது.

தமிழ்நாட்டின் பிற ஆய்வுகள்

மதுரை இலேடி டோக் கல்லூரியின் விலங்கியல் துறை ஆய்வாளர்கள் திலேப்பியா மீனில் கரிசலாங்கண்ணி, தூதுவளை ஆகியவற்றின் விளைவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். கரிசலாங்கண்ணி ஆய்வில் இலையின் நீர்ச்சாறு தீவனத்தில் 0.01, 0.1, 1 விழுக்காடு என்னும் அளவுகளில் ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை அளிக்கப்பட்டது. பொது எதிர்ப்பாற்றலும் ஏரோமோனாசு பாக்டீரியாவைத் தாங்கும் திறனும் கூடுவதாக முடிவு கூறப்பட்டது. மெத்தனால் போன்ற கரைப்பான் இன்றி நீரே பயன்பட்டமையால், வளர்ப்போர் பின்பற்றத்தக்க முறைக்கு இது நெருக்கமானது.

திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003 முதல் வெளியிட்ட கட்டுரைகளில், ஏரோமோனாசு தொற்றிய சாதாக் கெண்டைகளுக்கு வேம்பு முதலிய மூலிகைகளால் மருத்துவம் செய்து, குருதியில் நிகழும் மாற்றங்களைப் பதிவு செய்தனர். உவர்நீர் இறால் வளர்ப்பு நோய்கள் குறித்த ஆய்வில், சென்னையில் 1987இல் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் முதன்மையான நடுவண் நிறுவனம் ஆகும்.

தயாரிப்பும் அளவும்

ஆய்வகங்களில் தாவரப் பகுதி நிழலில் உலர்த்தப்பட்டு, பொடிக்கப்பட்டு, கரைப்பானில் ஊறவைக்கப்படுகிறது. பின் கரைப்பான் ஆவியாக்கி நீக்கப்பட, எஞ்சும் கெட்டியான சாறு தீவனத்துடன் கலக்கப்படுகிறது. குளக்கரையில் இம்முறை இயலாது. பொடியையோ நீர்ச்சாற்றையோ ஒட்டும் பொருளுடன் கலந்து குருணையின் மேல் தெளித்து, நிழலில் உலர்த்தி இடுவதே வழக்கம். ஒட்டும் பொருள் இன்றி இட்டால் சேர்க்கை நீரில் கரைந்து வீணாகும்.

அளவைக் கணக்கிடும்போது பொடிக்கும் சாற்றிற்கும் உள்ள வேறுபாடு அடிக்கடி மறக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு கிலோகிராம் தீவனத்திற்கு 800 மில்லிகிராம் சாறு எனில், 100 கிலோகிராம் தீவனத்திற்கு 80 கிராம் சாறு தேவை. 100 கிராம் உலர்ந்த இலையிலிருந்து 10 கிராம் சாறு கிடைப்பதாகக் கொண்டால், அந்த 80 கிராமைப் பெற 800 கிராம் உலர்ந்த இலை வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் உள்ள எண்ணைப் பொடிக்குரிய அளவாகக் கொண்டு 80 கிராம் இலைப்பொடி மட்டும் கலப்பவர், ஆய்வில் தரப்பட்டதில் பத்தில் ஒரு பங்கையே தருகிறார்.

நாள் அளவும் இவ்வாறே கணக்கிடப்படுகிறது. 100 கிராம் எடையுள்ள 1,000 மீன்களின் மொத்த எடை 100 கிலோகிராம். உடல் எடையில் 3 விழுக்காடு தீவனம் எனில் நாளொன்றுக்கு 3 கிலோகிராம். அதில் 1 விழுக்காடு மூலிகைப்பொடி எனில் 30 கிராம். மீன் வளர வளர இக்கணக்கைப் புதுப்பித்தல் வேண்டும்.

விளைவை அளத்தல்

மூலிகைச் சேர்க்கையின் பயனை மதிப்பிட, அது சேராத தீவனம் உண்ணும் கட்டுப்பாட்டுக் குழு இன்றியமையாதது. பின்வரும் மூன்று அளவைகள் பெரும்பாலான ஆய்வுகளில் காணப்படும்.

தீவன மாற்று விகிதம்: உண்ட தீவனத்தின் எடையை, கூடிய உடல் எடையால் வகுத்துப் பெறுவது. 1.5 கிலோகிராம் தீவனத்தால் 1 கிலோகிராம் எடை கூடினால் விகிதம் 1.5. இது குறையக் குறைய நன்று.

தன் வளர்ச்சி வீதம்: இறுதி எடை, தொடக்க எடை ஆகியவற்றின் இயல் மடக்கைகளின் வேறுபாட்டை நாட்களால் வகுத்து 100ஆல் பெருக்குவது. 10 கிராம் மீன் 35 நாட்களில் 20 கிராம் ஆனால், வீதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.98 விழுக்காடு.

ஒப்பீட்டுப் பிழைப்பு வீதம்: மூலிகை பெற்ற குழுவின் இறப்பு வீதத்தைக் கட்டுப்பாட்டுக் குழுவின் இறப்பு வீதத்தால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்து, 100ஆல் பெருக்குவது. கட்டுப்பாட்டுக் குழுவில் 80 விழுக்காடும் மூலிகைக் குழுவில் 20 விழுக்காடும் இறந்தால், இவ்வீதம் 75 ஆகும்.

கட்டுப்பாட்டுக் குழு இல்லாத நிலையில் எந்த முடிவும் உறுதியானதன்று. ஒரு குளத்தில் மூலிகை இட்டபின் நோய் நின்றது என்பது மட்டும் சான்றாகாது. நல்ல மழையோ, நீர் மாற்றமோ அதற்குக் காரணமாக இருக்கலாம்.

குறைகளும் எச்சரிக்கைகளும்

தாவரப் பொருள் என்பதால் தீங்கற்றது என்னும் கருத்து பிழையானது. மீன் வளர்ப்போர் நன்கறிந்த இலுப்பைப் பிண்ணாக்கே இதற்குச் சான்று. குஞ்சு விடுமுன் குளத்திலுள்ள வேண்டாத மீன்களைக் கொல்ல, ஒரு மீட்டர் ஆழமுள்ள எக்டேர் ஒன்றிற்கு ஏறத்தாழ 2,500 கிலோகிராம் இலுப்பைப் பிண்ணாக்கு இடப்படுகிறது. அதிலுள்ள சப்போனின் செவுள் வழியே குருதியிற் கலந்து சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. இரண்டு, மூன்று வாரங்களில் நஞ்சு நீங்கியபின் அதே பிண்ணாக்கு குளத்திற்கு உரமாகிறது. காக்கைக்கொல்லி விதையைக் கொண்டு மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கமும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் இருந்தது. சிறு அளவில் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சப்போனின் வகைச் சேர்வைகள் பேரளவில் உயிரைப் பறிக்கின்றன. எனவே அளவே மருந்தையும் நஞ்சையும் வேறுபடுத்துகிறது.

செரிமானத்தைத் தடுக்கும் பொருட்களும் தாவரங்களில் உள்ளன. டானின் புரதத்துடன் பிணைந்து அதைச் செரிக்கவிடாது செய்கிறது. மரவள்ளி இலையில் சயனைடை வெளிவிடும் சேர்வைகளும், சூபாபுல் இலையில் மிமோசினும் உள்ளன. உலர்த்துதல், ஊறவைத்தல், வேகவைத்தல் ஆகியவற்றால் இவற்றுட் சில குறைகின்றன.

ஒரே செடியிலும் இடம், பருவம், மண், உலர்த்தும் முறை ஆகியவற்றிற்கேற்பச் சேர்வைகளின் அளவு மாறும். ஒரு தொகுதியில் பயன்தந்த பொடி அடுத்த தொகுதியில் பயன்தராமல் போகலாம். செயற்பொருளின் அளவை அளந்து தரப்படுத்துவதே இதற்குத் தீர்வு. அது செலவு மிக்கது.

எதிர்ப்பாற்றல் ஊக்கிகளை இடைவிடாது நெடுநாள் அளிப்பதால் அவற்றின் விளைவு குறையக்கூடும். ஆகவே குறிப்பிட்ட கால இடைவெளி விட்டு அளிப்பது பரிந்துரைக்கப்படுகிறது. மேலும் பெரும்பாலான ஆய்வுகள் தொட்டிகளில், சில வாரங்களுக்கு, தூய நீரில் நடந்தவை. வெப்பமும் உப்புத்தன்மையும் மாறிக்கொண்டிருக்கும் குளத்தில் அதே விளைவு கிடைக்கும் என்று கொள்ள இயலாது. வெண்புள்ளி நோய் ஆய்வில் கண்ட 74 விழுக்காடும் ஆய்வக நிலையில் பெற்றதே ஆகும்.

மூலிகைகளின் இருப்பும் கருதத்தக்கது. அறுகம்புல்லும் கரிசலாங்கண்ணியும் வயல் வரப்பிலேயே கிடைப்பவை. ஆனால் கடுகுரோகிணி இமயமலையின் உயர்ந்த பகுதிகளில் மட்டும் வளர்வது. மிகையாகத் தோண்டப்பட்டதால் அருகிவரும் அத்தாவரம், அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இடம்பெற்றுள்ளது. கிலோகிராம் கணக்கில் இறாலுக்கு அதை இடுவது நிலைத்து நிற்கும் வழியன்று. அதன் இடத்தில் உள்ளூர் மூலிகை ஒன்றைக் கண்டறிதல் ஆய்விற்குரியது.

சட்டநிலை

இந்தியாவில் கடலோர இறால் வளர்ப்பு 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின்கீழ் ஒழுங்குபடுத்தப்படுகிறது. இச்சட்டம் 2023இல் திருத்தப்பட்டது. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான்கள் உள்ளிட்ட 20 நுண்ணுயிர் எதிர்ப்பிகளும் பிற மருந்துப் பொருட்களும் இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டுள்ளன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆணையம், இடுபொருட்கள் எதிர்ப்பி கலவாதவை என்பதற்குச் சான்றளிக்கிறது. மூலிகை என்னும் பெயரில் விற்கப்படுவதாலேயே ஒரு பொருள் எதிர்ப்பி கலவாதது ஆகிவிடாது. ஏற்றுமதிச் சோதனையில் எச்சம் கண்டறியப்பட்டால் இழப்பு வளர்த்தவரையே சேரும் என்பதால், சான்று பெற்ற பொருளா எனப் பார்த்து வாங்குதல் இன்றியமையாதது.

நாஞ்சில் நாட்டுக் குளங்களில் இதன் தேவை

1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும் அதனுடன் இணைந்த கோதையாற்றுப் பாசனமும் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் தருகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 2,000 பாசனக் குளங்கள் உள்ளன. அவற்றுட் பலவற்றில் கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டை இனங்கள் வளர்க்கப்படுகின்றன. சிலவற்றில் தாமரையும் பயிரிடப்படுகிறது. ஒரு குளத்தின் மறுகால் நீர் அடுத்த குளத்திற்குச் செல்லுமாறு இவை பெரும்பாலும் தொடராக அமைந்தவை.

இவ்வமைப்பில் ஒரு குளத்தில் இடப்படும் மருந்து அக்குளத்தோடு நிற்பதில்லை. அடுத்த குளத்திற்கும், நெல்வயலுக்கும், இறுதியில் மணக்குடி போன்ற காயல்களுக்கும் அது செல்லக்கூடும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் இராம்சர் சாசனத்தின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. அங்கு வரும் நீர்ப்பறவைகள் இக்குளங்களின் மீன்களை உண்டு வாழ்பவை. நீரை மக்களும் கால்நடைகளும் பறவைகளும் பகிர்ந்துகொள்ளும் இத்தகைய இடங்களில், நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் பயன்பாட்டைக் குறைக்கும் எந்த முறையும் மீன் வளர்ப்போரைத் தாண்டிப் பயன் தருவதாகும்.

எனினும் மூலிகைச் சேர்க்கை நல்ல வளர்ப்பு முறைக்கு மாற்று அன்று. நோயற்ற குஞ்சுகளைத் தேர்ந்து அளவாக விடுதல், நீரின் தரத்தைக் காத்தல், தீவனத்தை மிகையாக இடாதிருத்தல் ஆகியவை முதலில் அமையவேண்டும். அவற்றிற்குத் துணையாகவே மூலிகைச் சேர்க்கை பயன்படும்.

இவற்றையும் பார்க்க

வெண்புள்ளி நோய்
நுண்ணுயிர் எதிர்ப்பித் தாங்குதிறன்
ஆர்ட்டீமியா
கரிசலாங்கண்ணி
சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி